பையின் உட்புறத்தில் இருக்கும் முத்திரை

திருவள்ளூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கிறார்கள். அதே மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில், பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்குகிறார்கள். ஓரிடம் தைப்பதற்கு, மற்றோரிடம் உருக்குவதற்கு. பயன் முடிந்த ஒரு ராணுவக் கித்தான் பை இந்தப் பகுதிக்குள் வந்து சேருமானால், அதன் கதை பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு காயலான் கடையில் முடிந்துவிடும். அங்கே கொக்கி தனியாகவும் துணி தனியாகவும் பிரிக்கப்படும். பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. துணிக்கு விலை என்று எதுவும் இல்லை.

அந்தத் துணியைத் தேடி அலைகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் முதுகுப் பை, அமெரிக்க வீரரின் தோள் பை, சுவிட்சர்லாந்து ராணுவத்தின் ரொட்டிப் பை, நச்சு வாயு முகமூடி வைப்பதற்கென்று தைத்த சதுரப் பை எனப் போரில் பயன்பட்டுக் கழித்துக் கட்டப்பட்ட கித்தான் பைகளைச் சேகரிப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக நடந்து வரும் பழக்கம். நம் நாட்டிலும் அஞ்சல்தலை, நாணயம், பழைய கேமரா என்று தொடங்கியவர்களில் சிலர் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில் இத்தகையவர்களைப் பார்க்கலாம். பையை எடுத்தவுடன் தோளில் மாட்டிப் பார்க்க மாட்டார்கள். மூடியைத் திறந்து உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள்.

அவர்கள் அங்கே தேடுவது ஒரு முத்திரை. அந்த முத்திரை ஏன் முக்கியம், அது எப்படி அழிகிறது, அதைக் காப்பதில் நமக்கு என்ன அக்கறை இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில், இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு காரணம் ஆவடிக்கு இருக்கிறது.

முதலில் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கேன்வாஸ் எனப்படுவதற்குத் தமிழில் கித்தான் என்ற சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. ஆளி நார்த் துணியைக் குறிக்கும் கத்தான் என்ற அரபுச் சொல்லோடு தொடர்புடையதாக இதைக் கருதுகிறார்கள். கப்பற்பாய் வழியாக வந்த சொல்லாக இருக்கலாம். இதே வகையில் வந்த இன்னொரு சொல் தார்ப்பாய். டார்பாலின் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழன் காது தாரும் பாயுமாகப் பிரித்துக் கேட்டது. ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலும் தார் இருக்கிறது என்பது சுவையான ஒற்றுமை.

கித்தான் என்பது முறுக்கேற்றிய தடித்த நூலால் நெருக்கமாக நெய்த எளிய நெசவு. அதில் பூவேலைப்பாடு எதுவும் கிடையாது. ஊடும் பாவும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறிச் செல்லும், அவ்வளவுதான். ஆனால் பருத்தியால் நெய்த கித்தானுக்கு ஓர் இயல்பு உண்டு. நனைந்தவுடன் நூல் வீங்கும், நூல்களுக்கு இடையே உள்ள துளைகள் அடைபடும். முதல் சில துளிகள் கசிந்த பிறகு துணியே தன்னை மூடிக்கொள்கிறது. நம் ஊர் லாரிகளிலும் ஜீப்புகளிலும் முகப்பில் தொங்கிய கித்தான் தண்ணீர்ப் பையை ஒரு தலைமுறைக்கு முந்தியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராணுவத்தில் அதற்குச் சாகல் என்று பெயர். பையின் மேற்பரப்பில் மெல்லக் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகி உள்ளே இருக்கும் நீரைக் குளிர வைக்கும். மண்பானை செய்யும் வேலையை ஓடுகிற வண்டியில் அந்தத் துணிப் பை செய்தது.

ஆனால் நனைந்த கித்தான் கனக்கும், காய நேரமாகும், ஈரத்திலேயே கிடந்தால் மட்கும். வியத்நாம் காடுகளில் இந்தக் குறை அமெரிக்க ராணுவத்துக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் நைலானுக்கு மாறத் தொடங்கினர். பிரிட்டிஷ் ராணுவமோ 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளில் போரிட்டபோதும் 1958-ஆம் ஆண்டு வகைப் பருத்திப் பட்டைகளையே சுமந்துகொண்டிருந்தது. பின்னர் அங்கும் செயற்கை இழை வந்தது. இன்று எந்தப் பெரிய ராணுவமும் களத்தில் கித்தான் பையை நம்பியிருக்கவில்லை. ஆக, சேகரிப்பாளர் கையில் எடுக்கும் பை இனித் திரும்பி வராத ஒரு தொழில்நுட்பத்தின் எச்சம்.

இனி, முத்திரை. பிரிட்டிஷ் பேரரசின் ராணுவப் பொருள்கள் அனைத்திலும் அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது அரசுடைமை என்பதற்கான அடையாளம். கனடாவில் அந்த அம்பை ஆங்கில 'சி' எழுத்து சூழ்ந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் அம்பின் இருபுறமும் 'டி' எழுத்து இருக்கும். இந்தியப் பொருள்களில் அம்பின் கீழ் 'ஐ' எழுத்து இருக்கும். அம்புக்குறியோடு தயாரித்த நிறுவனத்தின் பெயர் அல்லது சுருக்கெழுத்து, தயாரித்த ஆண்டு, சரிபார்த்தவரின் எண் ஆகியவையும் இருக்கும். இங்கிலாந்தின் மில்ஸ் எக்யூப்மென்ட் கம்பெனி 'எம்.இ.கோ.' என்று அச்சிட்டது. அமெரிக்கப் பையில் தயாரிப்பாளர் பெயரும் 1942, 1943 என்று ஆண்டும் தெளிவாக இருக்கும். அரசின் கிடங்கிலிருந்து முறைப்படி விற்கப்பட்ட பிரிட்டிஷ் பொருள்களில் கூர்முனைகள் ஒன்றையொன்று தொடுமாறு இரண்டு அம்புகளைப் பொறிப்பதும் உண்டு. இது இனி அரசுடைமை இல்லை, விற்றாகிவிட்டது என்பது அதன் பொருள்.

இவற்றோடு, பையைச் சுமந்தவர் மையால் எழுதிய படை எண், பெயர், கிழிந்த இடத்தில் அவரே போட்ட ஒட்டுத் தையல் எல்லாம் சேர்ந்தால் அந்தப் பை ஓர் ஆவணமாகிவிடுகிறது. எங்கே நெய்தார்கள், எந்த ஆண்டில் தைத்தார்கள், எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, அங்கே எப்படிப் பயன்பட்டது என நான்கு கேள்விகளுக்கு ஒரே துணியில் விடை கிடைக்கும். கோப்புகளில் 'பை – இவ்வளவு எண்ணிக்கை' என்று மட்டும் இருக்கும். எண்ணிக்கைக்குள் இருக்கும் மனிதர்களைக் கோப்பு சொல்வதில்லை.

இந்தியாவுக்கு இந்த வரலாற்றில் சிறிய இடம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேர் கொண்ட, தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் படையாக வளர்ந்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் முதுகுப் பை, தோள் பை, தண்ணீர்க் குடுவை உறை, தோட்டாப் பை தேவைப்பட்டன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைப்பது கடினமாயிற்று. 1940 அக்டோபரில் புதுதில்லியில் கிழக்கத்திய நாடுகளின் வழங்கல் மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து, சூயஸுக்குக் கிழக்கே இருந்த படைகளுக்கான துணியும் தோலும் கூடாரமும் பெருமளவில் இந்தியாவிலிருந்து போகத் தொடங்கின. 1937-ஆம் ஆண்டு வகை எனப்படும் பட்டைகளும் பைகளும் இங்கே லட்சக்கணக்கில் தைக்கப்பட்டன. இங்கிலாந்துத் தயாரிப்போடு ஒப்பிட்டால் இந்தியப் பட்டையின் நெசவு சற்று நெகிழ்வாகவும் நிறம் வெளிறியும் இருக்கும் என்பார்கள் சேகரிப்பாளர்கள். நெடுங்காலம் அதை மட்டமான சரக்கு என்று தள்ளிவைத்தவர்களே இப்போது அதைத் தேடுகிறார்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தின் சமாளிப்புகளும் அதில் உண்டு. பர்மா போர்முனையில் தளபதி ஸ்லிம் தலைமையிலான 14-ஆவது படைக்கு விமானத்திலிருந்து உணவும் தோட்டாவும் போடப் பட்டுப் பாராசூட் போதவில்லை. கொல்கத்தா சணல் ஆலைகளில் சணலால் பாராசூட் செய்து வாங்கினார்கள். பட்டுப் பாராசூட்டின் விலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குக்கு வேலை முடிந்தது. மனிதர்கள் குதிக்க அது ஏற்றதில்லை. அரிசி மூட்டைக்கு அது போதும்.

சென்னையின் பங்கைச் சொல்லாமல் காக்கித் துணியைப் பற்றிப் பேச முடியாது. பெரம்பூரில் 1870-களில் தோன்றிய பக்கிங்ஹாம் ஆலையும் 1880-களில் தோன்றிய கர்நாடிக் ஆலையும் 1920-இல் ஒன்றாக இணைந்தன. பி அண்ட் சி மில் என்று சென்னைவாசிகள் சொல்லும் அந்த ஆலையின் காக்கித் துணி ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் போனது. 1918-இல் திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் முன்னின்று உருவாக்கிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தமும் அந்த ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டவை. போராட்டத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் நெய்த துணியின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. 1996-இல் ஆலை மூடப்பட்ட பின் எஞ்சியிருப்பது ஆங்காங்கே மடிப்புக் கலையாமல் கிடக்கும் சில காக்கிச் சட்டைகளும் அவற்றின் கரைகளும்தான்.

திருவள்ளூர் மாவட்டமும் போரின் பின்களமாக இருந்தது. கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சோழவரத்தில் விமான ஓடுதளம் அமைத்தார்கள். பிற்காலத்தில் கார் பந்தயங்களால் பெயர்பெற்ற ஓடுதளம் அதுவே. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பரப்பிலிருந்து காட்டலினா என்னும் பறக்கும் படகுகள் வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிச் சென்றன. ஆவடியில் படைமுகாமும் கிடங்குகளும் எழுந்தன. 1945-இல் போர் முடிந்ததும் இந்தியா முழுவதும் இத்தகைய கிடங்குகளில் தேங்கிய சரக்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அமெரிக்கா தன் மிச்சச் சரக்கை 1946-இல் ஓர் உடன்படிக்கையின் மூலம் இந்திய அரசிடமே விட்டுச் சென்றது. அரசு அவற்றை ஏலத்தில் விற்றது. நம் ஊர்களில் 'டிஸ்போசல் ஜீப்', 'டிஸ்போசல் கம்பளி' என்ற பேச்சு அப்போது வழக்கத்துக்கு வந்தது. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அந்தக் கம்பளி மலிவாகக் கிடைத்த நல்ல போர்வை. அதை வாங்கியவர்கள் எவரும் அதைச் சேகரிப்பு என்று நினைக்கவில்லை. கிழியும்வரை பயன்படுத்தினார்கள். அதில் தவறும் இல்லை.

ஆவடி என்ற பெயரே, கவச வாகனம், வெடிமருந்துக் கிடங்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவானது என்ற கதை ஊரில் பலராலும் நம்பப்படுகிறது. 1955 ஜனவரியில் இங்கே காங்கிரஸ் மாநாடு கூடி 'சோஷலிச மாதிரிச் சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியபோது இந்த ஊர் ஆவடியாகவே இருந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியதோ 1961-இல். ஊரின் பெயரைக்கூட ராணுவத்தின் கணக்கில் எழுதிவிடும் அளவுக்கு அந்தத் தொழிற்சாலைகள் மக்கள் மனத்தில் பதிந்திருக்கின்றன என்பதற்கு மட்டுமே அக்கதை சான்று.

டாங்கிகள் பெற்ற புகழ் ஆவடியின் தையல் கூடத்துக்குக் கிடைக்கவில்லை. 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கியைப் பற்றிப் பாடநூலில் படிக்கலாம். 1960-களின் தொடக்கத்தில் உருவான படைத்துறை உடைத் தொழிற்சாலையைப் பற்றிப் பாடநூல் பேசாது. 1962-இல் இமயமலையில் பருத்திச் சீருடையோடும் கித்தான் காலணியோடும் நின்று நம் வீரர்கள் பட்ட துன்பத்தை எண்ணிப் பார்த்தால், ஒரு சட்டையின் தையல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். பைகளும் பட்டைகளும் பெரும்பாலும் கான்பூரில் உருவாயின. 19-ஆம் நூற்றாண்டில் குதிரைச் சேணம் செய்வதற்காகத் தொடங்கிய ஆலை அது. சேணம் தைத்த கைகள் பிறகு முதுகுப் பை தைத்தன. ஆவடியில் சீருடைகள் தைக்கப்பட்டன. பின்னாளில் குண்டு துளைக்காத மேலங்கிகளும் அங்கே உருவாயின.

2021 அக்டோபர் 1 அன்று படைத்தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. அதன் கீழிருந்த 41 தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் உடைத் தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. டாங்கி செய்யும் பிரிவு ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனமாயிற்று. இந்த மாற்றம் சரியா தவறா என்ற விவாதம் தனி. சேகரிப்பாளரின் கண்ணோட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனம் பெயர் மாறும்போது முத்திரைகள் மாறுகின்றன, மாதிரிகள் வைத்திருந்த அறைகள் இடம் மாறுகின்றன, பழைய வெட்டுப் படிவங்கள் தேவையற்றவையாகின்றன. உலகெங்கும் ராணுவ உடைகளின் வரலாறு தொலைந்தது பெரும்பாலும் போரில் இல்லை, இத்தகைய அலுவலக மாற்றங்களில்தான்.

வெளியே சந்தையில் என்ன நடக்கிறது? அரசு அலுவலகங்களில் 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் தமிழில் 'கண்டம்' ஆகிவிட்டது. கண்டமான பேருந்து, கண்டமான கட்டடம் என்கிறோம். சோதிடத்தில் உயிருக்கு வரும் ஆபத்தையும் கண்டம் என்பதால் சொல் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. கண்டம் என்று எழுதப்பட்ட அரசுப் பொருள் ஏலத்துக்கு வருகிறது. முன்பு இப்பணியைக் கவனித்த வழங்கல் மற்றும் அகற்றல் தலைமை இயக்ககம் 2017-இல் மூடப்பட்டது. இப்போது எம்.எஸ்.டி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் நடத்தும் மின்னணு ஏலத்தில் டன் கணக்கில் மொத்தமாக விற்கப்படுகிறது. வாங்கும் வியாபாரிக்கு எடைதான் கணக்கு. உலோகம் உருக்கு உலைக்குப் போகிறது. நல்ல நிலையில் இருக்கும் துணி இருக்கை உறையாகவும் மூட்டை கட்டும் துணியாகவும் மாறுகிறது. முத்திரை இருந்த மூலை பெரும்பாலும் கொக்கியோடு வெட்டுப்பட்டுப் போகிறது, ஏனெனில் இரண்டும் அருகருகே இருப்பவை.

இதற்கு நேர்எதிரான இன்னோர் ஆபத்து அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கிறது. பழைய கித்தான் பைக்கு நாகரிக மதிப்பு வந்ததும், அதை வாங்கிச் சாயம் ஏற்றி, தோல் பட்டை பொருத்தி, மடிக்கணினிப் பையாக விற்கும் வணிகம் பெருகியது. மறுபயன்பாடு என்ற அளவில் இதை வரவேற்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019-இல் தடை விதித்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கிய மாநிலம் இது. துணிப்பைக்கு எதிராகப் பேச நமக்கு வாய் வராது. ஆனால் சாயத் தொட்டிக்குள் போகும்முன் உட்புறத்தை ஒருவர் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

மூன்றாவது சிக்கல் போலிகள். இரண்டாம் உலகப் போர்க் கால முத்திரையோடு இன்று புதிதாகத் தைக்கப்படும் பைகள் உலகச் சந்தையில் ஏராளம். திரைப்படத்துக்காகவும், போர்க் காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்களுக்காகவும் நேர்மையாகச் செய்யப்படுபவை அவற்றில் பாதி. அவற்றைத் தேநீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, மண்ணில் தேய்த்துப் பழையதென்று விற்பது மீதிப் பாதி. கண்டறியும் வழி கடினமானதில்லை. உண்மையான பழைய பையில் தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும். பட்டை கொக்கியில் உரசும் இடம், முதுகில் படும் பக்கம், கை அடிக்கடி படும் மூடியின் விளிம்பு ஆகியவை தேய்ந்திருக்கும். மடிப்பின் உட்புறம் பழைய நிறத்திலேயே இருக்கும். போலியில் எல்லா இடமும் ஒரே சீராக மங்கியிருக்கும். தையல் நூல் பருத்தியா, செயற்கை இழையா என்றும் பார்க்க வேண்டும். பிரிந்து தொங்கும் ஒரு நூலைக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். 1942 என்று முத்திரையிட்ட பையில் பாலியெஸ்டர் நூல் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய ராணுவப் பையை வைத்திருப்பது குற்றமில்லை. ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு ராணுவ உடையையோ அடையாளத்தையோ அணிவதுதான் குற்றம். பாரதிய நியாய சம்ஹிதாவின் 168-ஆவது பிரிவின்படி அதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதன்பின், போர்க்களச் சீருடைத் துணியைப் பொதுமக்கள் அணியவோ கடைக்காரர்கள் விற்கவோ வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022-இல் அறிமுகமான புதிய சீருடையின் வடிவமைப்புக்கு ராணுவம் உரிமைப் பதிவும் பெற்றிருக்கிறது. எனவே இப்போது பயன்பாட்டில் உள்ள எந்தப் பொருளையும் சேகரிப்பாளர் தொடக்கூடாது. அது மலிவாகக் கிடைத்தால், கிடங்கிலிருந்து எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி எழும். திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குவது தனிக் குற்றம். ஏல ரசீது வரை போகக்கூடிய விற்பனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பையோடு வைத்திருப்பது நல்லது. முதல் உலகப் போர்க் காலப் பை கிடைத்தால் இன்னொரு சட்டமும் குறுக்கே வரும். 100 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளை உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் இடம் தராது.

வீட்டுக்குக் கொண்டு வந்தபின் செய்யும் தவறுகளே அதிகம். முதல் தவறு, துணி துவைக்கும் இயந்திரத்தில் போடுவது. அங்கே மையும் போகும், துணியும் சுருங்கும். பிரிட்டிஷ் வகைப் பைகளின் மேல் பிளாங்கோ என்ற வண்ணக் கட்டியை நீரில் குழைத்து வீரர்கள் பூசுவது வழக்கம். அணிவகுப்பில் எல்லாருடைய பையும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பூச்சு அழுக்கு இல்லை, அதுவும் வரலாறுதான். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, தேவைப்பட்டால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

இரண்டாவது தவறு, பாலிதீன் உறையில் கட்டிவைப்பது. சென்னை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுதி. உறைக்குள் அகப்பட்ட ஈரம் பூஞ்சணமாகும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான அலமாரியில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஓலைச்சுவடிக்கு வசம்பும் வேப்பிலையும் வைத்த மரபு நமக்கு உண்டு. துணியின்மேல் நேரடியாகப் படாமல் சிறு முடிச்சாகக் கட்டி வைத்தால் கறை படியாது. இன்னும் ஓர் எச்சரிக்கை முகமூடிப் பைகளைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால முகமூடிகள் சிலவற்றின் வடிகட்டியில் கல்நார் இருந்தது. முகமூடியோடு சேர்ந்து கிடைக்கும் பழைய பையை வீட்டுக்குள் உதறக்கூடாது. முகமூடியை அணிந்து பார்க்கும் ஆசையை முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

பொதுநிலையில் செய்யக்கூடியவையும் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் சீருடைகளும் பதக்கங்களும் ஆயுதங்களும் காட்சிக்கு இருக்கின்றன. அவற்றை அணிந்த அதிகாரிகளின் பெயரை அங்கே படிக்கலாம். தைத்தவர்களின் கதைக்கு ஆவடியில்தான் இடம் தேட வேண்டும். 2019 முதல் மாநகராட்சியாக இருக்கும் ஆவடிக்கு ஓர் ஊர்க் காட்சியகம் கேட்பது பேராசை ஆகாது. தொடங்குவதற்குக் கட்டடம்கூட அவசியமில்லை. கழித்துக் கட்டும் ஒவ்வொரு வகைப் பொருளிலும் ஒன்றை மட்டும், முத்திரையோடும் வெட்டுப் படிவத்தோடும் எடுத்துவைக்கும் ஏற்பாட்டைத் தொழிற்சாலை நிர்வாகமே செய்யலாம். ரகசியம் காக்க வேண்டிய பொருள்கள் இவை அல்ல; 30, 40 ஆண்டுகளுக்கு முன்பு பயன்பாட்டிலிருந்து விலகியவை.

அதைவிட அவசரமான வேலை ஒன்றிருக்கிறது. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பகுதிகளில் பணிஓய்வு பெற்று வாழும் தையல் தொழிலாளர்கள் பலர். எந்தத் தையலை எந்த இயந்திரத்தில் போட்டார்கள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று சரிபார்ப்பவர் எப்படி எண்ணினார், நிராகரிக்கப்பட்ட சட்டை என்ன ஆனது, ஒரு முத்திரை எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பனவற்றுக்கு விடை அவர்களிடம்தான் இருக்கிறது. சேகரிப்பாளர் ஒருவர் தன் பையை எடுத்துக்கொண்டு அவர்களில் ஒருவரைப் பார்க்கப் போனால், உட்புறத்தில் இருக்கும் அந்த எண்ணைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார். பையோடு ஒரு தாளை இணைத்து அதில் அவர் சொன்னதைத் தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். எங்கே வாங்கியது, யாரிடம், என்ன விலை, அப்போது எந்த நிலையில் இருந்தது என்பனவும் அதே தாளில் இடம்பெற வேண்டும். பென்சிலால் எழுதுவது நல்லது. மை ஈரத்தில் பரவிவிடும்.